வேடந்தாங்கல் வழியில் கழன்ற போல்ட்

"இன்னா, பஸ் ஸ்டிரைக்கா?" என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் கேட்டார். நானும் வசந்தியும் எங்கள் ஊரான மண்ணூரிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பி, உத்திரமேரூர், வேடந்தாங்கல், சிங்கப்பெருமாள் கோயில் எல்லாம் பார்த்துவிட்டு மூன்று நாளில் திரும்பப் போகிறோம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பஸ் இருக்கும்போது ஒருத்தி சைக்கிள் மிதிக்கிறாள் என்றால் அவருக்கு அது தன் தொழிலுக்கே அவமானம். "இந்த வயசுல இது இன்னா வேண்டுதல் மேரி?" என்றார். வேண்டுதல் இல்லை, ஆசை என்றேன். நான் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்கும் தெரியும். அதனால் பேச்சை விட்டுவிட்டு, காற்றடிக்கிற பம்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

உண்மையில் பாதிதான் ஆசை. மீதி வசந்தி.

நாங்கள் இருவரும் ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்கிறோம். நான் சீட்டுக்கு உறை மாட்டுவேன். வசந்தி அடிச்சட்டத்தில் போல்ட் முறுக்குவாள், லைன் லீடர் என்று நெஞ்சில் பேட்ஜும் குத்தியிருப்பாள். முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் போல்ட் சரியாக முறுக்கியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. செக்கிங் செய்கிறவரும் கோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

வசந்தி முறுக்கிய சீட் ஒன்று கார் கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. போல்ட் லூஸ். அதன் மேல் அழகாக மஞ்சள் கோடு. எங்கள் வேலையில் போல்ட்டை மறந்து விடுவது தப்பு, அவ்வளவுதான். முறுக்காத போல்ட்டின் மேல் கோடு போடுவது பொய். தப்புக்குத் திட்டு விழும், பொய்க்கு வேலையே போகும். வருடக் கடைசி பராமரிப்புக்காகக் கம்பெனியை மூடியிருந்தார்கள். திறக்கிற அன்றைக்கு வசந்திக்கு விசாரணை. "முறுக்காமலே மார்க் போட்டேன்னு எழுதிக் குடுத்துடும்மா, வார்னிங்கோட முடிச்சுடறோம். இல்லன்னா எங்க கையில எதுவும் இல்ல" என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கோடு போட்டதே அவள் இல்லை. ஆர்டர் கூடியபோது, முறுக்குகிறவளே கோடும் போட்டால் நேரம் போகிறது என்று சூப்பர்வைசர் மார்க்கரை வாங்கி, லைனின் கடைசியில் நிற்கும் ரேகா என்ற காண்டிராக்ட் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். சுவரில் ஒட்டியிருக்கிற விதிப்படி இன்னமும் முறுக்குகிறவள்தான் கோடு போட வேண்டும். நடப்பது வேறு என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். வாயைத்தான் யாரும் திறப்பதில்லை.

"ரேகா பேர சொன்னா அன்னிக்கே அத கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்கக்கா" என்றாள் வசந்தி. "நான் பர்மனென்ட்டு. எனக்கு வார்னிங்கோட போவும். நான் முறுக்காம வுட்டிருக்கவே மாட்டேன், அது எனக்குத் தெரியும். ஆனா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போடாத கோட்டைப் போட்டேன் என்று எழுதிக் கொடுப்பாளாம், தலையெழுத்து. நாலு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "வூட்ல குந்திகினு அழுவாத. சைக்கிள்ல குந்திகினு அழுவு, நாலு ஊராவது பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். ஹாஸ்டலுக்குப் போய்விட்ட என் பையனின் கியர் சைக்கிள் எனக்கு, அவள் தம்பியுடையது அவளுக்கு.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் வாசலில் இரண்டு சைக்கிளையும் கவிழ்த்துப் போட்டு சர்வீஸ் செய்தோம். வசந்தி முறுக்கிக்கொண்டே போக, நான் பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, கட்டில், மின்விசிறி எல்லாவற்றின் ஸ்க்ரூவிலும் மஞ்சள் கோடு உண்டு. இந்தப் பக்கத்தில் லைனில் வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் வீட்டில் அப்படித்தான். நடுவில் வசந்திக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. போல்ட் முறுக்குகிற சாவியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. "இன்னாவாம்?" என்றேன். "நேரத்துக்கு வந்துடணுமாம்" என்றாள். மிச்ச வேலையை முடித்தோம்.

முதல் நாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மார்கழிப் பனி. ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் கோயில் வாசலில் பொங்கல் வாசனை ஊரையே தூக்கியது. வசந்தி உள்ளே போய்க் கும்பிட்டு வர, நான் சைக்கிள்களுக்குக் காவல். என் கழுத்தில் சிலுவையைப் பார்த்தும் கோயிலிலிருந்து வந்த ஒரு மாமி தொன்னையில் பொங்கலைக் கையில் திணித்துவிட்டுப் போனார். நெய் கையில் வழிந்தது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் கேன்டீன் பொங்கலைச் செய்கிறவரை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து நிற்க வைக்க வேண்டும்.

ஒரகடம் ரோட்டில் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. இத்தனை வருடமாக இந்த ரோட்டில் போய் வருகிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூக்கம். வல்லக்கோட்டை என்று கண்டக்டர் கத்தினால் "இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்று அர்த்தம், அவ்வளவுதான் எனக்கும் வல்லக்கோட்டைக்கும் உறவு. இப்போது பார்த்தால் ரோட்டை ஒட்டி ஏரி, ஏரி நிறையத் தண்ணீர், தண்ணீரில் அல்லி. "இது எப்பக்கா வந்துச்சு?" என்று வசந்தி கேட்டாள். "நீ தூங்கும்போது" என்றேன். நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ. கன்டெய்னர் லாரிகள் காதோடு உரசிக்கொண்டு போகிற இடம், தைரியம் இல்லாதவர்கள் அங்கே சைக்கிளை எடுக்கக் கூடாது. பக்கத்து பெஞ்சில் வடக்கத்திப் பையன்கள் இருவர் எங்களைப் பார்த்து இந்தியில் பேசிக்கொண்டார்கள். "இந்த ரெண்டு ஆன்ட்டியும் வாலாஜாபாத் தாண்ட மாட்டாங்க பாரு, குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டுத்தான் திரும்புவாங்க" என்றான் ஒருவன். "அதுவும் சாயங்காலத்துக்குள்ள" என்றான் மற்றவன். லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் என்பதால் எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. "டீ ஆறுது தம்பி, குடிச்சிட்டுப் பேசு" என்று இந்தியிலேயே சொன்னேன். ஒருவன் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டான். மற்றவன் எழுந்து நின்று கும்பிட்டான்.

வாலாஜாபாத்தை அடைவதற்குள் வசந்தியின் பின் சக்கரத்தில் பஞ்சர். அந்தப் பையன்களின் கண் பட்டதுதான் என்று அவள் சொன்னாள். லாரி டயரிலிருந்து விழுந்த கம்பி என்று பஞ்சர் ஒட்டியவர் எடுத்துக் காட்டினார். ஒட்டி முடிக்கிற நேரத்தில் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டோம். கேன்டீன் பழக்கம், மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்று கை தானாக ஓடுகிறது. ரசம் ஊற்ற வந்தவர் எங்கள் இலைகளைப் பார்த்துத் திகைத்தார். "யாராச்சும் தொரத்தறாங்களாம்மா?" என்று கேட்டார். வேலை அப்படி என்று சொல்லி, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கி, வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பாலாற்றைத் தாண்டியதும் வேறு உலகம். ஆற்றில் மணலுக்கு நடுவே இரண்டு மூன்று கோடாகத் தண்ணீர் ஓடியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை யூனிபார்ம் போட்ட ஆட்கள், அந்தப் பக்கம் கதிர் வாங்கிய நெல். காற்று எதிரில் அடித்தது. எனக்குத் தொடை இரண்டும் எரிந்தன, ஆனால் வெளியே சொல்வேனா? வசந்தி முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். மனதில் பாரம் இருக்கிறவர்கள் வேகமாக மிதிப்பார்கள் போல.

உத்திரமேரூரில் நாங்கள் தங்கிய லாட்ஜின் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். சைக்கிளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சைக்கிள்லயா வந்திய? ரெண்டு பொம்பளையாளுவளா?" என்றார். ஏன், சைக்கிளுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா என்று கேட்டேன். "கோவிக்காதிய. கல்வெட்டுக் கோயில் இங்கதான், நடக்குற தூரம். நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருசமாச்சு, இன்னும் உள்ள போவல பாத்துக்கிடுங்க" என்று சிரித்தார். எங்களுக்கு வல்லக்கோட்டை மாதிரி அவருக்கு அது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கோயிலுக்குப் போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில். சுவர் முழுக்க எழுத்து. சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் நாங்கள் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தார். தகுதி உள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். "ஆனா, பொறுப்புல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை ஓலைல எழுதவே கூடாது" என்றார். "அவன மட்டுமில்ல, அவன் சொந்தக்காரங்களையும் சேத்துத் தள்ளி வெச்சுட்டாங்க."

"சொந்தக்காரங்க இன்னா பண்ணாங்க?" என்றாள் வசந்தி.

"அதை ராஜாவைத்தான் கேக்கணும்" என்றார் அவர்.

அவர் நகர்ந்ததும் நான் ஆரம்பித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. "பாத்தியா, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே எவன் பொறுப்போ அவன் பதில் சொல்லணும்னு கல்லுல வெட்டி வெச்சிருக்கான். கோடு போட்டவ ரேகா. பாக்காம கோடு போட்டுட்டு சம்பளம் வாங்கிகினு போறா. நீ ஏன்டி அவளுக்காகப் பொய்க்காரின்னு கையெழுத்துப் போடணும்? பேர சொல்லு."

"அவ வூட்ல அவ சம்பளம் ஒண்ணுதான்க்கா."

"அதுக்கு? பாக்காம கோடு போடலாமா?"

 வசந்தி எழுத்து வெட்டிய சுவரை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். அவளுக்குள் எதுவோ உடைவது தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எனக்கு எதிராளி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து சாப்பிடப் போனோம். ஆளுக்கு நாலு இட்லி, அதைப் பேசாமலே சாப்பிட்டோம். இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். நல்ல வடகறி, சண்டைக்கு நடுவில் சாப்பிடுகிற பண்டம் இல்லை அது.

வேடந்தாங்கல் ரோட்டில் திரும்பியதிலிருந்து என் சைக்கிளில் டக், டக் என்று ஒரு சத்தம். இடது கால் கீழே போகும்போதெல்லாம் வந்தது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் வந்துகொண்டிருந்த வசந்தியே வாயைத் திறந்தாள்.

"பெடல் சத்தம்க்கா. எறங்கிப் பாரு."

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பெடலைத் தாங்குகிற இரும்புக் கையைச் பல்சக்கரத்தின் தண்டோடு பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு போல்ட். அதன் மேல் நான் இழுத்த மஞ்சள் கோடு வளையாமல் நெளியாமல் இருந்தது.

"மார்க்கு நேரா கீது. டைட்டாத்தான் கீது. பழைய சைக்கிள்ல சத்தம் வராம இன்னா வரும்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன்.

இருபுறமும் வயல். ஏற்றம் ஒன்று வந்தது. எழுந்து நின்று மிதித்தேன். இடது பக்கம் திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பெடல், இரும்புக் கை, அதற்கு மேல் என் கால் எல்லாம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வரப்பில் தோள் மோதி, வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த டிராக்டர்க்காரர் சட்டென்று ஒடித்து நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் வலதுபக்கமாக விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

வசந்தி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம். பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வந்து, பம்ப்செட்டைப் போட்டுக் கையை நீட்டச் சொன்னார். தண்ணீர் பட்டதும் உயிர் போயிற்று. "மோட்டார் ரூம்ல சுத்தி, ஸ்பானர் எல்லாம் கீது, எடுத்துக்கோங்க" என்றார். பிறகு, "எந்த ஊரு? இன்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டார்.

"ஒரகடம். சீட் கம்பெனி. போல்ட் முறுக்கற வேலை" என்றாள் வசந்தி.

அந்த அம்மா என் மடியில் கிடந்த பெடலைப் பார்த்தார். வசந்தியைப் பார்த்தார். "அப்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டார். மானம் போயிற்று.

ரோட்டில் தேடி போல்ட்டை வசந்திதான் கண்டுபிடித்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோட்டின் பாதி போல்ட்டின் தலையில், மீதிப் பாதி இரும்புக் கையில். இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"இத நான் முறுக்கலக்கா" என்றாள்.

"முறுக்காம நான் எப்டிடி கோடு போட்டேன்?"

"அத நீதான் சொல்லணும்."

 சர்வீஸ் செய்த அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடந்தது என்று இருவரும் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து யோசித்தோம். அந்த போல்ட்டை விரலால் திருகி உள்ளே விட்டிருந்தபோதுதான் அவளுக்குப் போன் வந்தது. சாவியைப் போட்டுவிட்டுப் போனாள். அவள் பின்னாலேயே வந்த நான், அவள் முறுக்கியிருப்பாள் என்று கோடு போட்டேன். திரும்பி வந்தவள் கோட்டைப் பார்த்து, முறுக்கிவிட்டோம் போல என்று அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் வந்தபோது கூட நான் கை வைத்துப் பார்க்கவில்லை. கோடு இருந்தது, அது போதுமாக இருந்தது எனக்கு.

காலையில் கோயிலில் ரேகாவைப் பற்றி நான் பேசின பேச்சு ஞாபகம் வந்தது. பாக்காம கோடு போடலாமா என்று கேட்ட அதே வாய். எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"ரேகாவும் இப்டித்தான்டி போட்டிருப்பா" என்றேன். "நீ முறுக்கியிருப்பன்னு நம்பி."

வசந்தி அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. அவள் வேறு எங்கேயோ இருந்தாள். "அன்னிக்கும் கூப்ட்டாருக்கா" என்றாள் மெதுவாக. "சூப்பர்வைசர். போல்ட் முறுக்கற நடுவுல. அடுத்த லைன்ல ஆள் வரல, ஒரு நிமிசம் வான்னாரு. நான் திரும்பி வர்றதுக்குள்ள சீட்டு நவுந்து போயிடுச்சு. முறுக்கிட்டுத்தான் போனேன்னு இத்தன நாளா சத்தியம் பண்ணிகினு இருந்தேன். என்னால முறுக்காம வுட முடியாதுன்னு நெனச்சேன். முடியுதே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மோட்டார் ரூமிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து, இரும்புக் கையைத் தண்டில் தட்டி உட்கார வைத்து, போல்ட்டைப் போட்டு, தன் பையிலிருந்த சாவியால் முழு பலத்தோடு முறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. "இப்ப கோடு போடட்டுமா?" என்று கேட்டேன். "முதல்ல கை வெச்சு ஆட்டிப் பாரு" என்றாள். ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

வேடந்தாங்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பறவைகள் கூடு திரும்புகிற நேரம். காவல் கோபுரத்தில் ஏறி நின்றோம். ஏரிக்குள் நிற்கிற மரங்களில் இலையைவிடப் பறவை அதிகம். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் என்று ஒவ்வொன்றும் தன் கிளைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாறுகிறபோது பஸ்ஸில் இடம் பிடிக்கிற கூச்சல்தான், வேறில்லை. கீழே டீக்கடை அக்கா, பறவைக்காகத் தங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னாள். அவள் பொரித்துக் கொடுத்த ஏரி மீனை இருவரும் மெதுவாகச் சாப்பிட்டோம். வசந்தி நாலு துண்டு சாப்பிட்டாள். எனக்கு வயிறு நிறைந்தது அதைப் பார்த்துத்தான்.

ராத்திரி அந்த ஊரிலேயே தங்கினோம். மூன்றாம் நாள் முழங்கை வீங்கியிருந்தது. திரும்பி பஸ்ஸில் போய்விடலாமா என்று வசந்தி கேட்டாள். சைக்கிளை பஸ் கூரையில் போட்டுக்கொண்டு போனால் என் வீட்டுக்காரர் அடுத்த வருடம் வரை சொல்லிக் காட்டுவார். மிதித்தோம். செங்கல்பட்டு தாண்டி ஹைவேயில் லாரிக் காற்றில் தள்ளாடித் தள்ளாடி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் சிங்கப்பெருமாள் கோயிலைப் பிடித்துவிட்டோம்.

அங்கே நரசிம்மர் மலைப்பாறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டுமென்றால் மலையைத்தான் சுற்ற வேண்டும். இந்தத் தடவை வசந்தி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "உங்க சாமி கோச்சிக்குமா?" என்று கேட்டாள். என் சாமிக்கு என்னைப் பற்றித் தெரியும் என்றேன். தீபாராதனையின்போது அர்ச்சகர் நெற்றி நாமத்தை லேசாகத் தூக்கி, அடியில் இருக்கிற மூன்றாவது கண்ணைக் காட்டினார். வசந்தி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலையைச் சுற்றி வருகையில் சொன்னாள். "எழுதிக் குடுக்கப் போறேன்க்கா. ஆனா அவங்க சொல்றத இல்ல. போல்ட்ட முறுக்காம வுட்டது நான். அது தப்பு, ஒத்துக்கறேன். கோடு நான் போடல. அத ஒத்துக்க மாட்டேன். ரேகா பேரயும் சொல்ல மாட்டேன்."

"யார் போட்டான்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."

"வேலை போயிடும்டி."

"போலாம்" என்றாள். "போவாமயும் இருக்கலாம்."

நானும் உள்ளே வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். லைனில் நடப்பதைப் போட்டு உடைக்கிறேன், எவன் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "நீ உள்ள வராதக்கா. வந்தா நீதான் பேசுவ" என்றாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கியபோது என் வீட்டுக்காரர் முழங்கையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "பஸ்ஸா?" என்றார். மிதித்துத்தான் வந்தேன் என்றேன். உள்ளே போய் வெந்நீர் போட்டார்.

கம்பெனி திறந்த அன்று நான் இரண்டாவது ஷிப்ட். ஆனாலும் காலையிலேயே போய், ஆபீஸ் கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வசந்தி தனியாக உள்ளே போனாள். கதவு மூடியது. மூடிய கதவுக்கு வெளியே நிற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்று நாளில் இத்தனை தூரம் மிதித்தவள், அந்த வேப்பமரத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். வேலை போனால் அவள் என்ன செய்வாள், அவளை இந்த ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது நான்தானே, பேசாமல் எழுதிக் கொடுத்திருந்தால் இந்நேரம் லைனில் நின்றிருப்பாளே என்று மனம் என்னென்னவோ சொன்னது. கர்த்தரே, கர்த்தரே என்பதற்கு மேல் ஜெபம்கூட வரவில்லை.

வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மரத்தடிக்கு வந்ததும் தானே சொன்னாள்.

"சொன்னத அப்டியே சொன்னேன். யார் கோடு போட்டான்னு கேட்டாங்க. மார்க்கர வாங்கினவ பேர சொல்லட்டுமா, குடுத்தவர் பேர சொல்லட்டுமான்னு கேட்டேன். சூப்பர்வைசரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. அவரே தலைய குனிஞ்சிகினு, நான்தான் சார் குடுத்தேன்னுட்டாரு. அப்புறம் யாரும் ரேகாவப் பத்திக் கேக்கல."

"உனக்கு?"

"முறுக்காம வுட்டதுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். சம்பளம் கெடையாது. லீடர் பேட்ஜையும் வாங்கிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு வந்து வேலை செய்யலாம்." நெஞ்சில் பேட்ஜ் குத்தியிருந்த இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைக் கவனித்தாள். "உன் மூஞ்சி ஏன்க்கா இப்டி கீது?"

"பயமா இருந்துச்சுடி" என்றேன். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வசந்தி என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.  "எனக்கும்தான்க்கா" என்றாள். "ஆனா பொய்க்காரின்னு எழுதல."